தேசியக் கண்ணாடிக் கலைப் பரிசுக்குப் படைப்பு அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கண்ணாடிக் கலைக்கான தேசியப் பரிசுகளுக்கு விண்ணப்பிக்கிற புதியவர்களில் பலர், கையில் நல்ல படைப்பு இருந்தும் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுகிறார்கள். குறை பெரும்பாலும் கண்ணாடியில் இருப்பதில்லை, வேலை செய்த வரிசையில்தான் இருக்கிறது. கடைசி நாள் வரை சூளையோடு மல்லுக்கட்டிவிட்டு, படத்தை அவசரத்தில் எடுத்து, குறிப்பை இரவோடு இரவாக எழுதி அனுப்பிவிடுகிறார்கள். முதல் சுற்றில் நடுவர்கள் கண்ணாடியைப் பார்ப்பதே இல்லை. படத்தையும் குறிப்பையும்தான் பார்க்கிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் படைப்பை உருவாக்குவதைவிட, அதைக் கண்காட்சி மேடை வரை கொண்டுசேர்ப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறேன். ஊதுவது, வார்ப்பது, உருக்கி இணைப்பது என்று உங்களுக்குக் கைவந்த முறை எதுவானாலும் வரிசை இதுதான்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பரிசின் விதிமுறைகளை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரையில் படிக்கும்போது நழுவிப்போகிற வரிகள் தாளில் பேனாவோடு உட்கார்ந்தால் பிடிபடும்.

அளவு நாடா, படைப்பைத் தாங்கக்கூடிய தராசு, இரண்டு போலரைசிங் தாள்கள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை), நைட்ரைல் கையுறை, பஞ்சு உதிராத துணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஆகியவற்றையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம். மெருகேற்றிய கண்ணாடியில் பருத்தி வழுக்கும், நைட்ரைல் பிடித்துக்கொள்ளும். அருங்காட்சியகங்களில் கண்ணாடியைத் தூக்க நைட்ரைல் கையுறையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான்.

பழைய சூளைக் குறிப்பேடு இருந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்குப் போடும்போது தேவைப்படும்.

## 1. விதிமுறைகளை வாங்குபவரின் கண்ணோடு படியுங்கள்

வீடு வாங்குகிறவர் பத்திரத்தைப் படிப்பதுபோல வரிவரியாகப் படிக்க வேண்டும். முதலில் தகுதி. குடியுரிமை போதுமா, அந்த நாட்டில் வசிக்கவும் வேண்டுமா? படைப்பு எத்தனை மாதங்களுக்குள் செய்யப்பட்டிருக்க வேண்டும்? வேறெங்கும் காட்டப்படாததாக இருக்க வேண்டுமா? சமூக வலைத்தளத்தில் போட்ட படத்தையும் சில பரிசுகள் "காட்டியதாக" எடுத்துக்கொள்ளக்கூடும். சந்தேகமிருந்தால் அமைப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள், பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்தது, வென்றால் படைப்பு யாருக்குச் சொந்தம்? பலர் கவனிக்காமல் விடுகிற இடம் இது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டின் ஜாம்ஃபேக்டரி 2016 முதல் நடத்திவரும் ஃபியூஸ் கிளாஸ் பரிசு, வென்ற படைப்பைத் தனக்கென எடுத்துக்கொள்வதில்லை. பணம் கலைஞருக்கு, படைப்பும் கலைஞருக்கே. மேற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் நடத்திவந்த டாம் மலோன் பரிசு வேறு வகை. அங்கே வென்ற படைப்பு கலைக்கூடத்தின் சேகரிப்பில் சேர்ந்துவிட்டது. இரண்டும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டாவது வகைக்குப் போகிறவர், பரிசுத் தொகையை அந்தப் படைப்பின் விலையாகவும் பார்க்க வேண்டும். அதைவிட அதிக விலை வைத்த படைப்பை அனுப்பிவிட்டுப் பிறகு வருந்துவதில் பயனில்லை.

மற்றவற்றை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம்: அதிகபட்ச அளவும் எடையும், விற்பனைக்கு வைப்பது கட்டாயமா, கூடத்தின் கழிவு (விற்பனையில் அவர்கள் எடுத்துக்கொள்ளும் பங்கு) எத்தனை சதவீதம், போகவும் வரவும் சரக்குச் செலவு யாருடையது, காப்பீடு எந்த நிமிடத்தில் தொடங்குகிறது. கடைசிக் கேள்வி முக்கியம். பெட்டி கூடத்தின் வாசலைத் தாண்டிய பிறகுதான் அவர்களுடைய காப்பீடு தொடங்குகிறது என்றால், வழியில் நேரும் சேதம் முழுக்க உங்கள் தலையில்.

பரிசு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபியூஸ் இரண்டாண்டுக்கு ஒருமுறை. ஐரோப்பிய அளவில் நடக்கும் ஜெர்மனியின் கோபர்க் கண்ணாடிப் பரிசோ 2006, 2014, 2022 என்று எட்டாண்டு இடைவெளியில் வந்திருக்கிறது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று தெரிந்தால்தான், அரைகுறைப் படைப்பை இப்போது அனுப்புவதா, காத்திருப்பதா என்று முடிவெடுக்க முடியும்.

## 2. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். விண்ணப்பம் அனுப்ப இரண்டு நாள், குறிப்பு எழுத ஒரு வாரம், படம் எடுக்கவும் திரும்ப எடுக்கவும் ஒரு வாரம், ஒட்டு வேலை இருந்தால் அது இறுக ஒரு வாரம், தேய்ப்புக்கும் மெருகுக்கும் உங்கள் கை வேகத்தைப் பொறுத்து. இவ்வளவும் போக மிச்சமிருப்பதுதான் சூளைக்கான நேரம். புதியவர்கள் முன்னாலிருந்து எண்ணுவதால் சூளை எல்லா நாட்களையும் விழுங்கிவிடுகிறது.

சூளையில் யாராலும் குறைக்க முடியாத ஒரு பகுதி உண்டு. அது ஆற்றுதல், அதாவது சூடான கண்ணாடியை மெல்ல மெல்லக் குளிரவிடுவது, பட்டறையில் அனீலிங் என்று சொல்வது. கண்ணாடியின் வெளிப்புறமும் உட்புறமும் ஒரே வேகத்தில் குளிரவில்லை என்றால் உள்ளே அழுத்தம் தங்கிவிடும். தடிமன் இரட்டிப்பானால் குளிர்விக்கும் வேகத்தைக் கால்வாசியாகக் குறைக்க வேண்டும். சூளை வேலைக்குப் பரவலாகப் பயன்படும் புல்ஸ்ஐ நிறுவனத்தின் கண்ணாடிக்கு அந்நிறுவனமே தரும் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 25 மி.மீ. தடிமனுள்ள சமமான பாளத்தை 482 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் நிறுத்தி, அதன்பின் 427 டிகிரி வரை மணிக்கு 15 டிகிரியாக இறக்க வேண்டும். 50 மி.மீ. என்றால் 8 மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 3.8 டிகிரி. 100 மி.மீ. என்றால் 16 மணி நேரம் நிறுத்தி, மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவு. அறை வெப்பநிலைக்கு வந்துசேர 25 மி.மீ. பாளத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் போதும். 100 மி.மீ. பாளத்துக்கு ஏறக்குறைய 170 மணி நேரம், அதாவது முழுசாக ஒரு வாரம்.

இது இருபுறமும் வெப்பம் போகிற, ஒரே தடிமனான பாளத்துக்கான கணக்கு. சிலை போல ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால், மிகத் தடித்த பகுதியின் இரண்டு மடங்குத் தடிமனுக்கு உரிய நேரத்தைக் கொடுங்கள். 50 மி.மீ. தடிமன் உள்ள உருவத்துக்கு 100 மி.மீ. அட்டவணை. இதைப் பார்த்தவுடன் "ஒரு வாரம் சூளையைப் பூட்டி வைப்பதா?" என்று தோன்றும். ஆமாம், பூட்டித்தான் வைக்க வேண்டும். உருவம் முதல் முறை சரியாக வராமலும் போகலாம், ஆகவே இரண்டு சுழற்சிக்கு இடம் விடுங்கள். அப்படி இடம் இல்லையென்றால் மெல்லிய படைப்பாகத் திட்டமிடுங்கள்.

## 3. எந்தப் படைப்பு என்று இப்போது முடிவெடுங்கள்

நாள் கணக்குக்குப் பிறகு இதை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நேரமும் எடையும் அளவும் தெரிந்தபின் செய்கிற தேர்வுதான் நிலைக்கும்.

ஒரு படைப்பு, ஒரு எண்ணம். தனக்குத் தெரிந்த எல்லா உத்திகளையும் ஒரே உருவத்தில் காட்டப் பார்ப்பதுதான் முதல்முறை விண்ணப்பிப்பவர்கள் அதிகம் செய்கிற தவறு. ஊதியதும், செதுக்கியதும், வண்ணப்பொடி தூவியதும், தங்க இழை ஒட்டியதும் சேர்ந்தால் நடுவர் கண் எங்கும் நிற்காது. நடுவர்களில் பலர் கண்ணாடி செய்பவர்கள். உத்தி அவர்களுக்குப் புதிதல்ல. அந்த உத்தி ஏன் இங்கே வந்தது என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

எடையையும் இப்போதே கணக்கிடுங்கள். சாதாரணச் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி ஒரு கன செ.மீ.க்கு ஏறக்குறைய 2.5 கிராம். 40 × 20 × 8 செ.மீ. பாளம் என்றால் 16 கிலோ. பெட்டியும் ஃபோமும் சேர்ந்தால் ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. தூக்க முடியாத பெட்டிதான் கீழே விழுகிற பெட்டி.

வெவ்வேறு கண்ணாடிகளைச் சேர்த்து உருக்குகிறீர்கள் என்றால், விரிவெண் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்று காட்டும் எண்) 90, 96 என்று சீட்டில் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். எண் ஒன்றாக இருந்தும் ஒத்துப்போகாத கண்ணாடிகள் உண்டு, ஏனென்றால் கண்ணாடி இறுகும் வெப்பநிலைப் பகுதியில் அதன் நடத்தையை அந்த எண் சொல்வதில்லை. சிறு துண்டுகளை உருக்கி ஒட்டி, அடுத்த படியில் சொல்லும் சோதனையை முதலில் அவற்றுக்குச் செய்யுங்கள்.

## 4. உள்ளே தங்கிய அழுத்தத்தைப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று முழுசாக நிற்கிற படைப்பு, கூடத்தில் விளக்கின் சூட்டில் விரிசல் விடலாம். அப்போது உங்கள் பெயரோடு சேர்ந்து அந்த விரிசலும் நினைவில் நிற்கும்.

செய்முறை எளிது. வெள்ளை ஒளி வரும் பெட்டி அல்லது பிரகாசமான கணினித் திரை ஒன்றின்மேல் ஒரு போலரைசிங் தாளை வையுங்கள். இன்னொரு தாளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, இருட்டாகும்வரை மெதுவாகச் சுழற்றுங்கள். இரண்டுக்கும் இடையில் படைப்பை வையுங்கள். நன்றாக ஆறிய கண்ணாடி ஒரே சீராக இருண்டிருக்கும். அழுத்தம் தங்கிய இடங்கள் வெளிச்சமாகத் தெரியும்: சில நேரம் மூலைகளில் மங்கலான வெண்மையாக, சில நேரம் இரண்டு நிறங்கள் சேரும் கோட்டைச் சுற்றி ஒளிவட்டமாக. படைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள், ஏனென்றால் ஒரு கோணத்தில் தெரியாத அழுத்தம் இன்னொரு கோணத்தில் தெரியும்.

வெளிச்சம் ஓரங்களிலும் தடித்த பகுதியிலும் பரவலாக இருந்தால் ஆற்றியது போதவில்லை. இன்னும் நீண்ட அட்டவணையில் திரும்ப ஆற்றலாம். இரு நிறங்களின் எல்லையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணாடிகள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். எத்தனை முறை ஆற்றினாலும் அது போகாது, அந்த வடிவமைப்பையே மாற்ற வேண்டும்.

சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு சோதிக்காதீர்கள். வெப்ப வேறுபாடே தற்காலிக அழுத்தமாகத் தெரிந்து குழப்பும். ஒளி புகாத நிறக் கண்ணாடியில் இந்தச் சோதனை நடக்காது. அங்கே அதே கண்ணாடியைத் தெளிவான துண்டோடு உருக்கி, தெளிவான பகுதியைப் பாருங்கள்.

## 5. தேய்ப்பு, மெருகு, ஒட்டு

தேய்ப்பில் ஒரே விதிதான்: முந்தைய மணலின் கீறல் முழுதும் போகும்வரை அடுத்த மணலுக்குப் போகக் கூடாது. 80ஆம் எண் மணலில் விட்ட கீறல், அதைவிட நுண்ணிய 400இல் கண்ணுக்குத் தெரியாது, கடைசியில் சீரியம் ஆக்சைடு பொடியால் போடும் மெருகில் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும். அப்போது திரும்ப முதலிலிருந்துதான். ஒவ்வொரு மணலுக்கும் நடுவே கை, துணி, தொட்டி எல்லாவற்றையும் கழுவுங்கள். எப்போதும் தண்ணீரோடு தேயுங்கள், கண்ணாடித் தூசு நுரையீரலுக்குப் போகக் கூடாது.

அடிப்பாகம் ஆடாமல் உட்கார வேண்டும். சமதளமான கல் பலகையில் வைத்து நான்கு மூலையிலும் விரலால் அழுத்திப் பாருங்கள். கூடத்தின் பீடத்தில் கண்ணாடி ஆடினால் நிறுவுகிறவர் அதன் அடியில் எதையாவது செருகுவார், அது உங்கள் வடிவமைப்பில் இல்லாத பொருள்.

ஒட்டுவதாக இருந்தால் பொறுமை வேண்டும். மஞ்சளாகாத தன்மைக்காகக் கண்ணாடிக்காரர்களும் பழுதுபார்ப்போரும் விரும்புகிற ஹெக்ஸ்டால் என்ற எபாக்சிப் பசை அறை வெப்பநிலையில் முழுதும் இறுக ஒரு வாரம் பிடிக்கும். புற ஊதா ஒளியில் இறுகும் பசை நிமிடங்களில் பிடித்துவிடும், ஆனால் ஒளி மூட்டுவரை ஊடுருவ வேண்டும். அடர்ந்த நிறத்தில் உள்ளே பச்சையாகவே கிடக்கும். கண்ணாடியை உலோகத்தோடு சேர்க்கும்போது, இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் விறைப்பான பசையைவிட நெகிழ்வுள்ள சிலிக்கோன் நல்லது.

## 6. படம்: இங்கேதான் போட்டி தொடங்குகிறது

சூளைக்குக் கொடுத்த கவனத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள். கண்ணாடிப் படம் எடுத்துப் பழகிய ஒளிப்படக்காரர் கிடைத்தால் காசைப் பார்க்காதீர்கள். இல்லையென்றால் நீங்களே எடுக்கலாம், முடியாத வேலை இல்லை.

முதலில் சுத்தம். கையுறை போட்டு, ஆல்கஹாலால் துடைத்து, ஊதுபந்தால் தூசியை விரட்டுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத விரல் ரேகை கேமராவில் மேகம்போலத் தெரியும்.

கண்ணாடிக்கு நேர் எதிரில் விளக்கு வைப்பது எல்லோரும் செய்கிற பிழை. அப்போது கண்ணாடி தெரியாது, விளக்கின் பிரதிபலிப்புத்தான் தெரியும். கண்ணாடியின் உருவத்தைக் காட்டுவது அதன் ஓரங்கள். ஓரங்களைப் பிரித்துக் காட்ட இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, வெளிச்சப் பின்னணி. படைப்புக்குப் பின்னால் வெள்ளைத் திரையைக் கட்டி, அதன்மேல் மட்டும் ஒளி விழச் செய்யுங்கள். வெள்ளைப் பகுதி சட்டகத்தை நிரப்பினால் போதும், அதற்கு மேல் பரவ வேண்டாம். ஓரங்கள் சுற்றியுள்ள இருட்டை வாங்கிக் கறுத்த கோடாக நிற்கும். போதாவிட்டால் சட்டகத்துக்கு வெளியே இருபுறமும் கறுப்பு அட்டை வையுங்கள். தெளிவான ஊதிய பாத்திரத்துக்கும் மெல்லிய நிறங்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று, இருட்டுப் பின்னணி. நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி ஒளி. இப்போது ஓரங்கள் வெண்கோடாக ஒளிரும். செதுக்கிய கண்ணாடிக்கும், உள்ளே குமிழியோ இழையோ உள்ள பாளத்துக்கும் இது நன்றாக வரும். ஆனால் ஒவ்வொரு தூசியும் நட்சத்திரமாகத் தெரியும், எச்சரிக்கை.

மேற்பரப்பு மங்கலாக்கப்பட்ட, பால்போன்ற கண்ணாடிக்கு இந்த இரண்டும் வேண்டாம். சாம்பல் நிறப் பின்னணியில், ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வரும் மென்மையான ஒளி போதும்.

கேமராவுக்கு முக்காலியும், லென்சில் எஃப் 11 போன்ற சிறு துளையும் வையுங்கள், படைப்பின் முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவாக விழ வேண்டும். எல்லா விளக்கும் ஒரே நிற வெப்பநிலையில் இருக்கட்டும். சன்னல் வெளிச்சத்தோடு குண்டு விளக்கைக் கலந்தால் தெளிவான கண்ணாடி ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் மஞ்சளும் அடிக்கும்.

பின்னணியைக் கணினியில் வெட்டி எடுத்துவிட்டு வெறும் வெள்ளையில் ஒட்டுகிற பழக்கம் பரவியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கண்ணாடி தரையில் வீழ்த்துகிற நிறநிழலும், அதன் நடுவே ஓடும் ஒளிக்கோடும் படைப்பின் பாதி. அதை வெட்டியதும் பிளாஸ்டிக் பொம்மை போல ஆகிவிடுகிறது. கீறலையோ விரிசலையோ திருத்தி மறைக்கவும் கூடாது. பெட்டியைத் திறக்கும்போது அது எப்படியும் தெரியவரும்.

படங்களின் எண்ணிக்கை விதியில் இருக்கும். மூன்று என்றால் என் தேர்வு இது: முழு உருவம், மேற்பரப்பைக் காட்டும் அண்மைப் படம், இன்னொரு பக்கத்திலிருந்து முழு உருவம். மூன்றும் முழு உருவமாக இருந்தால் நடுவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. எடுத்த படங்களைக் கைப்பேசித் திரையளவுக்குச் சுருக்கியும் பாருங்கள். சிறிய அளவில் உருவம் புரியவில்லை என்றால் திரும்ப எடுங்கள், ஏனென்றால் நடுவர் முதலில் பார்ப்பது வரிசையாக அடுக்கிய சிறு படங்களாகவும் இருக்கலாம்.

## 7. படைப்புக் குறிப்பு

படம் காட்டாததைக் குறிப்பு சொல்ல வேண்டும். புதியவர்கள் எழுதுகிற வகை இப்படி இருக்கும்: "ஒளியும் நிழலும் கலந்த வாழ்வின் நிலையாமையை என் படைப்பு பேசுகிறது." இந்த வரியை எந்தக் கண்ணாடிக்குக் கீழேயும் ஒட்டலாம். அதனால் இது எந்தக் கண்ணாடிக்கும் உரியதல்ல.

இப்படி எழுதிப் பாருங்கள்: "ஏரி வற்றும்போது தண்ணீர் இறங்கிய ஒவ்வொரு மட்டமும் கரையில் ஒரு கோடாகப் படிகிறது. அந்தக் கோடுகளை 3 மி.மீ. தகடுகளாக அடுக்கி உருக்கினேன். கீழே போகப் போக நிறத்தைக் குறைத்தேன். கடைசித் தகட்டில் நிறமே இல்லை." இப்போது நடுவர் படத்துக்குத் திரும்பிப் போய்க் கடைசித் தகட்டைத் தேடுவார். குறிப்பின் வேலை அவ்வளவுதான்.

முதலில் பார்த்தது அல்லது கேட்டது, அப்புறம் அதைக் கண்ணாடியில் எப்படிச் செய்தீர்கள், அப்புறம் ஏன் கண்ணாடியில்தான் செய்ய முடியும். இந்த மூன்றும் வந்தால் நூறு சொற்களே போதும். எழுதியதைக் கண்ணாடி வேலை தெரியாத ஒருவரிடம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறுகிற இடத்தைத் திருத்துங்கள்.

பொருள் விவர வரியையும் சரியாக எழுதுங்கள். "கலப்பு ஊடகம்" என்று பொதுவாக விடாமல், "அச்சில் வார்த்து, கையால் தேய்த்து மெருகேற்றிய கண்ணாடி, பித்தளைத் தாங்கி" என்று எழுதுங்கள். அளவுகளை உயரம், அகலம், ஆழம் என்ற வரிசையில் செ.மீ.யில் கொடுங்கள். அலங்காரமாகச் சுற்றி எழுதுவதைவிட இந்த ஒரு வரி உங்கள் கைத்திறனைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

## 8. விலையும் காப்பீட்டு மதிப்பும்

இரண்டும் வேறு வேறு. விலை என்பது வாங்குகிறவர் கொடுப்பது, அதில் கூடத்தின் கழிவும் அடக்கம். காப்பீட்டு மதிப்பு, படைப்பு உடைந்தால் உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய தொகை. பல இடங்களில் கழிவு போக மீதியைத்தான் காப்பீட்டு மதிப்பாகக் கேட்கிறார்கள், படிவத்தை உற்றுப் பாருங்கள். பரிசுக்காக விலையை ஏற்றாதீர்கள். அதே அளவிலான படைப்பை மூன்று மாதம் முன் எந்த விலைக்கு விற்றீர்களோ, அதை ஒட்டியே இருக்கட்டும்.

## 9. விண்ணப்பம் அனுப்புதல்

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கோப்புகளுக்கு விதியில் சொன்னபடியே பெயர் வையுங்கள். அனுப்பியதற்கான உறுதி மடல் வராவிட்டால் அனுப்பவில்லை என்றே எடுத்துக்கொண்டு கேளுங்கள்.

## 10. தேர்வானதும் முதல் வேலை: பெட்டி

தேர்வுச் செய்தி வந்த மகிழ்ச்சியில் பெட்டியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். பெட்டி செய்யவும் நேரம் வேண்டும், செய்து முடித்ததைச் சோதிக்கவும் வேண்டும்.

பெட்டிக்குள் பெட்டி என்பதுதான் பாதுகாப்பான முறை. உள்பெட்டியில், படைப்பின் உருவத்துக்கு வெட்டிய பாலிஎத்திலீன் ஃபோம். அதற்கும் வெளிப் பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. ஃபோம். வெளியே மரப்பெட்டி. ஃபோம் மிக மென்மையாக இருந்தால் எடையில் அமுங்கி அடி நேராகக் கண்ணாடிக்கு வந்துவிடும். மிகக் கெட்டியாக இருந்தால் அதிர்வை அப்படியே கடத்தும். எடையை வைத்துத்தான் ஃபோமைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் முறையே படைப்பை வைத்துச் சோதிக்காதீர்கள். அதே எடையுள்ள மணல் மூட்டையை வைத்துச் சாய்த்து, கொஞ்சம் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள்.

எடை முழுதும் படைப்பின் வலுவான அடிப்பாகத்தில் இறங்க வேண்டும். கழுத்து, கைப்பிடி, நீட்டிய முனைகளைச் சுற்றி வெற்றிடம் விடுங்கள். அவற்றை ஃபோம் "தாங்கிப் பிடிக்கும்" என்று நினைத்து அழுத்தி அடைப்பதால்தான் பல முனைகள் உடைகின்றன. குமிழித் தாளை மெருகேற்றிய பரப்பில் நேராகச் சுற்ற வேண்டாம், வட்ட வட்டமாகத் தடம் விழும். முதலில் மெல்லிய தாள், மேலே மற்றது. பல துண்டுகள் சேர்ந்த படைப்பு என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி அறை.

மூடியை ஆணியால் அடிக்காமல் திருகாணியால் மூடுங்கள். ஆணி அடிக்கும் அதிர்வும் கழற்றும் அதிர்வும் கண்ணாடிக்கு ஆகாது. எந்தப் பக்கம் திறப்பது என்று வெளியே எழுதுங்கள். மூடியின் உட்புறத்தில், பிரிக்கும் வரிசையைக் காட்டும் படங்களை ஒட்டுங்கள். பிரிப்பவர் நீங்கள் இல்லை, திரும்பக் கட்டுகிறவர் இன்னொருவராகவும் இருக்கலாம்.

மூடும் முன் படைப்பை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, ஏற்கனவே உள்ள சிறு குமிழி, கீறல் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து உள்ளே வையுங்கள். சேதம் என்று வழக்கு வந்தால் பேசுவது இந்தத் தாள்தான். சொந்தமாகக் கட்டிய பெட்டிக்குச் சில சரக்குக் காப்பீடுகள் பொறுப்பேற்பதில்லை, அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

## 11. நிறுவல் குறிப்பு

ஒரே பக்கத்தில், படங்களோடு எழுதுங்கள். எந்தப் பக்கம் முன்பக்கம், பீடம் எவ்வளவு உயரம், ஒளி எங்கிருந்து வர வேண்டும். "நல்ல ஒளி" என்று எழுதினால் மேலிருந்து ஒரு விளக்கைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். "பின்னால் இடதுபுறமிருந்து சாய்வாக, பீடம் வெள்ளை" என்று எழுதினால் அப்படியே வைப்பார்கள்.

பீடத்தில் நகராமல் ஒட்ட அருங்காட்சியக மெழுகு பயன்படுத்துவார்கள். அடிப்பாகம் மங்கலாக்கப்பட்டிருந்தால் மெழுகு ஊறிக் கறை விடலாம், அதைக் குறிப்பில் சொல்லிவிடுங்கள். தெளிவான கோளமோ வில்லை போன்ற தடித்த வடிவமோ என்றால் நேர் வெயில் படும் சன்னலருகே வைக்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில் எழுதுங்கள். வெயிலை ஒரே புள்ளியில் குவித்து அது தீப்பற்ற வைக்கும்.

பெட்டி வந்து சேர்ந்ததும் 24 மணி நேரம் மூடியே வைத்திருந்து, கூடத்தின் வெப்பநிலைக்கு வந்தபின் திறக்கச் சொல்லுங்கள். கூடத்தில் இது தெரிந்திருக்கும். ஆனாலும் திறப்பு நாளுக்கு முந்தைய அவசரத்தில், எழுதி வைத்திருந்தால்தான் நடக்கும்.

## 12. கண்காட்சி முடிந்தபின்

பெட்டியும் ஃபோம் துண்டுகளும் எங்கே வைக்கப்படுகின்றன என்று முதல் நாளே கேளுங்கள். பல கூடங்களின் கிடங்கில் பெட்டிகள் கலந்துவிடும். பெட்டி, மூடி, ஒவ்வொரு ஃபோம் துண்டு, எல்லாவற்றிலும் உங்கள் பெயரும் வரிசை எண்ணும் இருக்கட்டும். படைப்பு விற்றுவிட்டால் வாங்கியவருக்கே பெட்டி போகும். அப்போது சுத்தம் செய்யும் முறையையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

திரும்பி வந்தால், பெட்டியைத் திறந்த அன்றே அனுப்பும் முன் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சேதத்தைத் தெரிவிக்கச் சரக்கு நிறுவனங்கள் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்கள்தான்.

தேர்வாகவில்லை என்றால் நடுவர் கருத்து தருவார்களா என்று பணிவாக ஒருமுறை கேளுங்கள். தரும் இடங்களும் உண்டு. படத்தையும் குறிப்பையும் தனித்தனியாக எடைபோட்டுப் பாருங்கள். கண்ணாடியை மாற்றுவதற்கு முன் படத்தைத் திரும்ப எடுத்து, அதே படைப்பை விதி அனுமதிக்கும் அடுத்த கண்காட்சிக்கு அனுப்புங்கள்.